இடப்பக்கக் கண்ணாடி

இதுவும் சரியில்லை. சக்கரத்தை இந்தப் பக்கம் திருகினால் எதிர்மாடிக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி கொஞ்சம் தெளிந்து வருகிறது, இதோ வந்துவிட்டது, இதோ என்று நினைக்கிறேன், வந்து சேருவதற்குள் தாண்டிப் போய்விடுகிறது. அந்தப் பக்கம் திருகினாலும் அப்படித்தான். தொட்டியின் விளிம்பில் நான்கு புறா. வெறும் கண்ணால் பார்க்கும்போது ஒழுங்காக நான்கு புறாவாக இருந்தவை, இதற்குள் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் பால் சிந்தித் துடைத்த மாதிரி ஒரு வெளுப்போடு இருக்கின்றன. மேஜையில் ஏற்கெனவே இரண்டு பைனாகுலர் கிடக்கின்றன, நான் பார்த்துக் கழித்தவை. இது மூன்றாவது. கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண் பர்வீன் பக்கத்தில் நிற்கிறாள். அவள் பேர் பர்வீன் என்பது கீழே டீக்கடைக்காரர் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டதில் தெரிந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். நான் ஒவ்வொன்றையும் கீழே வைக்கும்போது அதை எடுத்து, ஒரு துணியால் துடைத்து, மூடி போட்டு, நேராக வைக்கிறாள். அந்தத் துடைப்பே எனக்குக் கோபத்தை ஏற்றுகிறது. “என்ன அண்ணாச்சி, தெளிவா இல்லையா?” என்கிறாள். “தெளிவா இருந்தா நான் ஏன்ம்மா திருகிக்கிட்டே இருக்கேன்?” என்கிறேன். காக்கிச் சட்டை போட்டவன் குரல் எப்போதும் கொஞ்சம் ஓங்கித்தான் வரும், இருபத்து மூன்று வருஷம் பஸ் ஓட்டியவன் குரல், ஹாரனுக்கு மேலே பேசிப் பழகியது. மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம். ஐந்து பத்துக்கு வண்டி எடுக்க வேண்டும். ஜங்ஷனிலிருந்து வேம்பங்குளம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் எட்டு நிமிஷம். இந்த டிரைவர் ஆவுடையப்பன் ஒரு நாளும் பிந்தினான் என்று பேர் கிடையாது. அதற்குள் ஒரு நல்ல பைனாகுலரைத் தேர்ந்தெடுக்க முடியாதா ஒரு மனுஷனால்?

பகல் டிரிப்பில் வேம்பங்குளத்தில் வண்டி போய் நின்றால் முப்பத்தைந்து நிமிஷம் ஓய்வு. பதினோரு வருஷமாக அந்த முப்பத்தைந்து நிமிஷத்தையும் கடைசி சீட்டில் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கித்தான் கழித்தேன். வண்டி நிற்கிற இடத்துக்குப் பின்னாலேயே குளக்கரை. அதில் வெள்ளையாக ஏதோ கிடக்கும், கறுப்பாக ஏதோ மிதக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. போன வருஷம் மாசி மாதம் இரண்டு காலேஜ் டீச்சர்கள் வண்டியில் வந்தார்கள், கழுத்தில் பைனாகுலரோடு. நான் என்னமோ கேட்கப் போக, அதில் ஒரு அம்மா கழற்றிக் கையில் கொடுத்தாள். “அந்தக் கருவேல மரத்து அடியில பாருங்க, கூழைக்கடா.” பார்த்தேன். பதினோரு வருஷமாக வெள்ளைக் குவியல் என்று நினைத்தது ஒரு பறவை. அலகுக்குக் கீழே பை தொங்குகிறது. பைக்குள் ஒரு மீன் துள்ளுகிறது. தோலுக்கு உள்ளே அது இடிப்பது வெளியில் தெரிகிறது. கூழைக்கடா தலையை நிமிர்த்தி ஒரு விழுங்கு. முன்கண்ணாடியை யாரோ கழற்றி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது. வண்டி நின்றதும் கரையில் ஏறிவிடுவேன். பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், முக்குளிப்பான் என்று கரையில் வைத்திருக்கிற போர்டைப் பார்த்துப் பார்த்துப் பேர் மனப்பாடம் ஆயிற்று. கண்டக்டர் ஜெபக்குமார் வண்டிக்குள்ளிருந்து சத்தம் போடுவான், “அண்ணாச்சி, உம்ம பிள்ளைங்கள்ளாம் வந்தாச்சா?” வீட்டில் சந்தனமாரியிடம் சொன்னால், “அம்பது வயசுக்கு மேல உமக்கு இது ஒரு கிறுக்கு” என்று சிரிப்பாள், ஆனால் அடுத்த நாள் “அந்தக் கரண்டி வாய்க்காரன் வந்தானா?” என்று அவளே கேட்பாள்.

இந்தத் தை மாதம் வரித்தலை வாத்து வந்திருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்பு வரி. ஊர்த் தலையாரி பார்த்துவிட்டான், பால்காரன் பார்த்துவிட்டான். நான் பார்த்தால் குளத்து நடுவில் சாம்பல் பூசின மாதிரி ஒரு கூட்டம், தலையும் இல்லை வரியும் இல்லை. பங்குனி பிறந்தால் போய்விடும். அதற்குத்தான் இந்தப் பாடு. பொருட்காட்சியில் ஒன்று வாங்கினேன், முன்பக்கக் கண்ணாடி சிவப்பாக ஜொலித்தது, எடுத்து வந்து கரையில் வைத்துப் பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிகிறது, ஓரத்தில் வானவில். தூக்கிப் பரணில் போட்டேன். அப்புறம் மருமகன் போனில் பார்த்து ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். தொண்ணூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. நிலாவில் இருக்கிற கல்லை எண்ணலாம் என்றார். வேம்பங்குளத்தில் இருக்கிற கொக்கு தெரியவில்லை. ஒரே மங்கல். திருப்பி அனுப்பினோம். இன்னொன்று வந்தது. அதுவும் அதே மங்கல். “மாமா, நீங்க சரியா வச்சுப் பாக்கல” என்று அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே தெரியுது” என்றார். நல்லாத்தானே தெரியுது! இந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு எரிகிறது. அவர் அவசரக்காரர், எதையும் சரியாகப் பார்க்கிற பொறுமை கிடையாது, சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் நல்லாயிருக்கு என்று சாப்பிட்டுப் போகிற ஆள். அவர் பார்த்ததெல்லாம் ஒரு பார்வையா என்று அன்றைக்கு நினைத்தேன். அதனால்தான் கேமரா விற்கிற கடைக்கே நேராக வந்தது. தொட்டுப் பார்த்து, வைத்துப் பார்த்து வாங்க வேண்டும், யாரும் ஏமாற்ற முடியாதபடி. இப்போது பார்த்தால் நல்ல கடையிலும் அதே மங்கல். தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை பேரும் பால் ஊற்றித்தான் பைனாகுலர் செய்கிறார்களா?

“அண்ணாச்சி, நீங்க பத்தை எடுத்தீங்க, அதை வைங்க” என்கிறாள் பர்வீன். “பத்துன்னா பத்து மடங்கு கிட்ட காட்டும், ஆனா உங்க கையோட ஆட்டத்தையும் பத்து மடங்கு காட்டும். பறவைக்கு எட்டு போதும். எட்டுக்கு நாப்பத்திரண்டு. முன்னாடி கண்ணாடி அகலம் அது, எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம் உள்ள வரும். சாயங்காலம் பாக்கிறவங்களுக்கு அதுதான் சரி.” பேச்சில் ஒரு விற்பனை இழுப்பு இல்லை, அது கொஞ்சம் ஆறுதல். “இது தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. உள்ள காத்துக்குப் பதிலா நைட்ரஜன் அடைச்சிருக்கு, பனி பிடிக்காது.” பனி பிடிக்காதாம். அப்படியானால் இந்தப் பனி எங்கிருந்து வருகிறது? கையில் வாங்குகிறேன். கனம் சரியாக இருக்கிறது, ரப்பர் பிடி, நம் ஸ்டியரிங் மாதிரி கைக்கு உட்காருகிறது. நடுவில் மடக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகிறவரை விரலால் அமுக்குகிறேன். ஒரு வட்டம் ஆகிவிட்டது. ஆனால் அந்த வட்டத்துக்குள் மறுபடியும் அந்தப் பால். இதை இப்படியே மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. பறவையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பழையபடி துண்டைப் போட்டுத் தூங்கலாம், பதினோரு வருஷம் அப்படித்தானே நன்றாக இருந்தேன். பர்வீன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா ஒத்து வைக்கணும் அண்ணாச்சி, யாருக்குமே ரெண்டு கண்ணும் ஒண்ணு போல இருக்காது. முதல்ல இடது கண்ணால மட்டும் பாத்து நடுச் சக்கரத்தைத் திருகணும். அப்புறம் வலது கண்ணுக்கு இந்தா, இந்த வளையம். வலது பக்கத்தைக் கையால மூடிக்கோங்க” என்கிறாள். மருமகன் இதைச் சொல்லவில்லை. பொருட்காட்சிக்காரன் சொல்லவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் ஒத்து வைக்காததுதான் குறையா? சட்டென்று ஒரு சந்தோஷம், முதுகில் தட்டிக் கொடுத்த மாதிரி. மூடுகிறேன்.

வலது பக்கத்தை மூடினதும் தொட்டி காணாமல் போயிற்று. தொட்டி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பெரிய கறை. புறா இல்லை. விளிம்பு இல்லை. திருகுகிறேன். கறை கொஞ்சம் சின்னதாகிறது, பெரிதாகிறது. முழுக்கத் திருகி முட்டுகிறவரை கொண்டுபோய், அங்கிருந்து திரும்ப வருகிறேன். மேலே வானம் இருக்கிற பக்கத்திலிருந்து வெளிச்சம் வழிந்து கறையின் மேல் ஊற்றுகிறது. “இந்தப் பக்கக் கண்ணாடி போச்சும்மா” என்கிறேன். “இடப்பக்கக் கண்ணாடி. துடைச்சுக் குடு.” துடைக்கிறாள். முன்னும் பின்னும் ஊதித் துடைத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, “சுத்தமா இருக்கு” என்று கொடுக்கிறாள். மறுபடி கறை. “அப்ப உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு. வலது பக்கம் பாரு, எவ்வளவு அருமையா இருக்கு!” உண்மையிலேயே அருமையாக இருக்கிறது. வலதில் ஒரு புறா என் கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கழுத்தைத் திருப்பும்போது பச்சை, ஊதாவாகி, மறுபடி பச்சையாகிறது. கண்ணைச் சுற்றி ஒரு மெல்லிய ஆரஞ்சு வட்டம். புறாவின் கண்ணில் ஆரஞ்சு இருக்கிறது என்று ஐம்பத்தோரு வயதில் இன்றைக்குத்தான் தெரிகிறது. இதையே இரண்டு பக்கமும் கொடுத்தால் என்ன இவர்களுக்கு? எல்லாக் கம்பெனிக்காரனும் இடப்பக்கத்தை மட்டும் ஏன் இப்படிச் செய்கிறான்? எல்லாக் கம்பெனிக்காரனும். அந்தச் சொல்லில் என் நினைப்பு ஒரு தடவை தடுக்கிற்று, வண்டி சின்னக் கல்லில் ஏறி இறங்கின மாதிரி. இறங்கி, மேலே போய்விட்டது. “கண்ணாடியில குறையிருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு அண்ணாச்சி” என்றாள் பர்வீன். “தலைகீழா பிடிங்க.” “என்னது?” “அதை அப்படியே குப்புறத் திருப்பிப் பிடிங்க. இடது குழாய் உங்க வலது கண்ணுக்குப் போயிரும். வலது குழாய் இடது கண்ணுக்கு வரும். குறை குழாயில இருந்தா அதுவும் கூடவே வலது பக்கம் போயிரும்.”

திருப்பினேன். சக்கரம் அடிப்பக்கம் போயிற்று, விரல் தடவித் தேடி எடுத்தது. குறை வலது பக்கம் போயிருக்க வேண்டும். போ என்று மனசுக்குள் சொன்னேன். உண்மையிலேயே சொன்னேன், வண்டிக்கு முன்னால் நிற்கிற மாட்டைச் சொல்வது போல, போ, போ. வலது கண்ணில், சற்று முன்னால் கறையாக இருந்த அதே குழாயில், புறா பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அதே ஆரஞ்சு வட்டம். இடது கண்ணில், சற்று முன்னால் அருமையாக இருந்த அதே குழாயில், கறை. பைனாகுலரை இறக்கினேன். நேராகப் பிடித்தேன். மறுபடி திருப்பினேன். பக்கத்தில் கிடந்த பத்தை எடுத்து அதையும் திருப்பினேன். முதலில் கழித்த சின்னதை எடுத்து அதையும். நான் ஒவ்வொன்றாகக் கீழே வைத்தபோது இந்தத் தடவை பர்வீன் துடைக்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன், அவள் துடைக்கவில்லை. “வேற ஒண்ணு பாக்கணுமா அண்ணாச்சி?” என்றாள், குரலை இறக்கி. வேறு ஒன்றைப் பார்த்து ஆவதற்கு ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கண்ணாடி அலமாரியில் என் முகம் தெரிந்தது. இரண்டு கண்ணும் எப்போதும் போலத்தான் இருந்தன. கையால் வலது கண்ணைப் பொத்தினேன். அலமாரி வெளுத்தது, விளக்குகள் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தன, என் காக்கிச் சட்டை தெரிந்தது, அதற்கு மேலே ஒரு தலை தெரிந்தது, தலையில் ஒன்றுமே இல்லை, மூக்கு இல்லை, மீசை இல்லை. “ஒரு தண்ணி குடும்மா” என்றேன்.

பஞ்சு பஞ்சாகப் பிரிகிற விளக்கு எனக்குப் புதிது இல்லை. எதிரே வருகிற வண்டி லைட் எல்லாம் அப்படித்தான் பிரிகிறது. எல்லா டிரைவரும்தான் சொல்கிறார்கள், இப்போது வருகிற எல்இடி லைட் கண்ணைக் குருடாக்குகிறது என்று. டெப்போவில் டீ குடிக்கும்போது அதைப் பேசாத ஆள் கிடையாது. நானும் பேசினேன். மற்றவர்களை விடச் சத்தமாகப் பேசினேன். தீபாவளிக்கு முந்தி ஒரு நாள் நிறுத்தி வைத்திருந்த லோடு ஆட்டோவில் இடப்பக்கக் கண்ணாடி உரசிற்று. அவன் ரோட்டில் ஏற்றி நிறுத்தியிருந்தான், அவன் தப்பு. கார்த்திகையில் ஒரு நாள் ஸ்பீடு பிரேக்கரை மேடு என்று தெரியாமல் ஏற்றினேன். வெள்ளைக் கோடு போடவில்லை, ரோடு போட்டவன் தப்பு. அப்புறம் அந்தக் குடத்துக்காரி. இதை நினைக்காமல் இருக்க முடியுமா என்று பார்க்கிறேன், தண்ணீரைக் குடித்துக்கொண்டே, முடியவில்லை. மார்கழி, ஆறரை மணி இருக்கும், மில்லுக்கு ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டி. எதிரே ஒரு லாரி லைட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது, கண் முழுக்க வெள்ளை. லாரி கடந்தது. வெள்ளை போவதற்குள் இடப்பக்கம் பச்சையாக ஒரு குடம். குடம்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் அதைப் பிடித்திருந்த கை, அப்புறம் ஆள். பிரேக்கை மிதித்ததில் வண்டியில் நின்றவர்கள் எல்லாரும் முன்னால் வந்து விழுந்தார்கள். குடம் உருண்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள், பம்பருக்கும் அவளுக்கும் ஒரு முழம். நான் தலையை வெளியே நீட்டி, “ஏ மூதி, கண்ணு இருக்கா இல்லையா உனக்கு?” என்று கத்தினேன். கத்தினேன். அவள் குனிந்து குடத்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். வண்டிக்குள்ளே எல்லாரும் என் பக்கம்தான். “இதுக வீட்டுல சொல்லிட்டு வந்துருச்சா” என்று ஒரு பெரியவர் சொன்னார். ஜெபக்குமார், “நல்ல வேளை அண்ணாச்சி, வேற டிரைவர்னா ஏத்தியிருப்பான்” என்றான். அதை மறுநாள் வீட்டில் வந்து சந்தனமாரியிடம் சொன்னேன், வேறு டிரைவர் என்றால் ஏற்றியிருப்பான் என்று, பெருமையாக. அவளும் திருநீறு எடுத்துப் பூசிவிட்டாள்.

புரட்டாசியில் கண் பரிசோதனை நடந்ததே. அதில் நான் பாஸ். அதை நினைத்ததும் ஒரு பிடி கிடைத்த மாதிரி இருக்கிறது, பரிசோதனையில் பாஸ் செய்தவனுக்கு என்ன கண் போகும்? வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர். ஒவ்வொருத்தராக அட்டையைப் பார்த்து வாசிக்கிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் முறை வந்தது. வலது கண், ஒன்றும் பிரச்சினை இல்லை. இடது கண். கடைசி இரண்டு வரியை நான் வாசித்தேன். வாசித்தேனா? வாய் தானாகச் சொல்லிற்று, ஏழு பேர் சொல்லிக் கேட்ட பாட்டு. நான் திருடவில்லை. காது கேட்டது, வாய் சொன்னது, யாரும் என்னைக் கேட்கவில்லை, ஆவுடையப்பா இது உனக்குத் தெரிகிறதா, நினைவிருக்கிறதா என்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? கண் சரியில்லை என்றால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். டெப்போவுக்குள் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை, இல்லாவிட்டால் சீட்டுத் துடைக்கிற வேலை. முப்பது வருஷம் ஓட்டின ஒருத்தர் அப்படிக் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார், வண்டி உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து டிரைவர் சீட்டைத்தான் பார்ப்பார். நான் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பார்வை பிடிக்கவில்லை. “எங்க மாமியாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு அண்ணாச்சி” என்று பர்வீன் ஆரம்பித்தாள். “கண்புரைன்னாங்க. எடுத்தாச்சு, இப்ப ஊசியில நூல் கோக்காங்க.” நல்லதுக்குத்தான் சொல்கிறாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உன் மாமியா பஸ்ஸா ஓட்டினாள்? “நான் பைனாகுலர் வாங்க வந்தேம்மா, வைத்தியம் பாக்க வரல” என்றேன். சொன்ன உடனே வெட்கமாகப் போயிற்று. அவள் முகம் சுருங்கவில்லை. “அதை நான் எடுத்து வைக்கேன். எட்டுக்கு நாப்பத்திரண்டு. உங்க பேரு எழுதி வைக்கேன்” என்றாள். “எதுக்கு?” என்றேன். “வாத்து அடுத்த வருஷமும் வரும்லா” என்றாள். வாத்து என்று அவளிடம் எப்போது சொன்னேன்? சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, திருகிக்கொண்டே.

போன் அடித்தது, ஜெபக்குமார். “அண்ணாச்சி, எங்க நிக்கீரு? நாலு ஐம்பது ஆச்சு. வண்டி நிறைஞ்சிட்டு.” இந்தா வாரேன் என்று இறங்கினேன். ரோட்டில் நடக்கும்போது வலது கண்ணைப் பொத்தவில்லை, இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, போர்டு வாசிக்க முடிகிறது, பூக்காரி முகம் தெரிகிறது. இத்தனை நாள் இப்படித்தானே ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே. இன்றைக்கு இன்னும் ஒரு டிரிப்தான். மெதுவாகப் போனால் போச்சு. வழக்கம் போல ராத்திரி வேம்பங்குளத்தில் வண்டியை நிறுத்திப் படுத்துவிட்டுக் காலையில் முதல் டிரிப்பாகத் திரும்புகிறது, அது நல்ல வெளிச்சம். நாளைக்குக் காலையில் இங்கே வந்ததும் லீவு எழுதிக் கொடுத்து, நேரே ஆஸ்பத்திரி, யாருக்கும் தெரிய வேண்டாம், புரையை எடுத்தால் பத்து நாளோ ஒரு மாதமோ, திரும்ப வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். நல்ல யோசனை. இதில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை, இன்றைக்கு ஒரு டிரிப்பைத் தவிர. அந்த ஒரு டிரிப் இருபத்தெட்டு கிலோ மீட்டர். ஆறு மணிக்கு மேல் எதிரே வருகிற லைட் எல்லாம் பஞ்சாகும். மில் விலக்கில் அந்தக் குடத்துக்காரி மாதிரி எத்தனை பேர் நிற்பார்கள். இல்லை, நான் மெதுவாகப் போவேன். மெதுவாகப் போனால் கண் தெரியுமா? யார் மேலே கோபப்படுவது என்று தெரியாமல் எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. மருமகன், பொருட்காட்சிக்காரன், அந்த டீச்சரம்மா. அவள் அன்றைக்குக் கழுத்திலிருந்து அதைக் கழற்றிக் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்பேன். எது வரைக்கும்?

வண்டி நிறைந்துதான் இருந்தது. முன் சீட்டில் செண்பகாதேவி, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண், தினமும் காலையில் என்னோடு வந்து சாயங்காலம் என்னோடு திரும்புகிறவள், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னைக்கு என்ன அண்ணாச்சி, பிந்திட்டீங்க” என்றாள். ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். பழக்கத்தில் கை போய்ப் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் தொட்டது. ஜெபக்குமார் படியில் நின்று விசிலை வாயில் வைத்தான். நான் வலது கண்ணைப் பொத்தினேன். ஒரே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்றுதான். இடப்பக்கத்துக் கண்ணாடியில் பஸ் ஸ்டாண்டு இருக்க வேண்டும், பக்கத்து வண்டி இருக்க வேண்டும், நடந்து போகிற சனம் இருக்க வேண்டும். கண்ணாடியே ஒரு வெள்ளைத் துணியாகத் தொங்கிற்று. துணியில் ஏதோ அசைந்தது. ஆளா மாடா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. சாவியைக் கழற்றினேன். “என்ன அண்ணாச்சி?” என்றான் ஜெபக்குமார். இறங்கினேன், கால் தரையைத் தேடித் தொட்டது.

டைம் கீப்பர் கந்தையா ஜன்னலுக்குப் பின்னால் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். “வண்டிய நான் எடுக்கல” என்றேன். தலையைத் தூக்காமலே, “என்னவே, வயித்து வலியா?” என்றார். நல்ல வழி, அவரே திறந்து வைக்கிறார். வயிற்று வலி என்று தலையை ஆட்டினால் போதும், எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடும், நாளைக்கு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். “இல்ல வே. இடது கண்ணு தெரியல” என்றேன். பேனா நின்றது. “எப்ப இருந்து?” இதற்கு நான் ஆயத்தமாக வரவில்லை. ரோட்டில் அவ்வளவு யோசித்தேன், இதை யோசிக்கவில்லை. இன்றைக்குத்தான் என்று சொல்லலாம், அதில் பொய் கூடக் கிடையாது, இன்றைக்கு நாலு மணிக்குத்தானே தெரிந்தது. பின்னால் யாரோ வந்து நின்றார்கள். வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்க இறங்கி வந்திருக்கிறாள் செண்பகாதேவி, டிபன் பையோடு. அவளுக்குக் கேட்காத மாதிரிக் குரலை இறக்கலாம் என்று பார்த்தேன். என் குரலுக்கு இறங்கத் தெரியவில்லை. “தீவாளிக்கு முந்தியில இருந்தே” என்றேன். கந்தையா நிமிர்ந்து என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “அதோடயா ஓட்டிக்கிட்டிருந்தீரு?” “அதோடதான் ஓட்டினேன்.” போனை எடுத்து ஸ்பேர் டிரைவரைக் கூப்பிட்டார். திரும்பினேன். செண்பகாதேவி அங்கேதான் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. தீபாவளியிலிருந்து இன்றைக்கு வரை இந்த வண்டியில் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து வந்த நாட்களை அவள் மனசுக்குள் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றேன்.